டீக்கடைக் காட்சி

யோசனை வந்தபோது நான் எடைமேடையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஜி.என்.டி. ரோட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் திரும்பும் இடத்தில், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடை அது. மனிதன் ஏறி நின்றால் முள் அசையாது. டன் கணக்குக்குக் கீழே இருக்கும் எதையும் அது பொருட்படுத்துவதில்லை. டிப்ளமா முடித்துக் குழாய்க் கம்பெனியில் பயிற்சி சூப்பர்வைசராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் என்னை அவ்வளவு சரியாக எடை போட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

எடைமேடை கிளார்க் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனதுக்குள் படிக்க வராது. அதனால் ரோட்டில் போகிறவர்களுக்கும் அன்றாடச் செய்தி கிடைத்துவிடும். அன்றைய செய்தி: போன வாரம் மறைந்த நகைச்சுவை நடிகருக்கு மெட்ராஸில் அஞ்சலிக் கூட்டம். சனிக்கிழமை மாலை டெலிவிஷனில் ஒளிபரப்பு. இடையிடையே அவர் நடித்த பழைய படக் காட்சிகளும் இடம்பெறும்.

கிளார்க் பேப்பரை மடித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யோவ் ஸ்டாரு! கேட்டுக்கினியா? பழைய படம்லாம் காட்டப் போறாங்களாம். புதுச் சட்ட எட்த்து வெச்சுக்கோ, டிவில வரப்போற!"

டீக்கடைக்காரர் வலது கையை உயர்த்திக் குவளையிலிருந்து டீயைக் கீழே விட்டார். இடது கையில் கிளாஸ். அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும் கிளாஸைத் தொடாமல் கொக்கிபோல் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்ட விரல். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் தினமும் இரண்டு முறை அந்த விரலைப் பார்த்துக்கொண்டேதான் டீ வாங்குகிறோம்.

கிளார்க் கிண்டலாகச் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். காட்டினால் என்ன ஆகும்? பன்னிரண்டு வருஷ வழக்கு ஒரே மாலையில் தீர்ந்துவிடும். மேடையிலிருந்து இறங்கி நேராக டீக்கடைக்குப் போனேன்.

வழக்கு இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டீக்கடைக்காரர் எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு கடையில் டீ மாஸ்டராக இருந்தார். அங்கே ஒரு படப்பிடிப்பு நடந்தது. அதில் அவர் லாரி கிளீனர். அவர் என்றால் அந்த நடிகர். எங்கள் ரசிகர் மன்றத்தில் அவர் பெயரைச் சொல்வதில்லை, அவர் என்றால் அவர்தான். காட்சி எளிது. கிளீனர் டீ கேட்கிறார். டீ சூடாக இருக்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இன்னும் கொஞ்சம் ஆற்றச் சொல்லி கிளீனர் கிளாஸைத் திருப்பித் தருகிறார். மாஸ்டர் ஆற்றுகிறார், ஆற்றுகிறார், ஆற்றிக்கொண்டே இருக்கிறார். லாரி போய்விடுகிறது. மாஸ்டராக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்தவருக்கு டீ ஆற்றத் தெரியவில்லை. மூன்று தடவை சட்டையில் ஊற்றிக்கொண்டார். நான்காவது சட்டை கொண்டுவரவில்லை.

"அப்பால டைரக்டரு நம்மளக் கூப்ட்டாரு நைனா," என்று டீக்கடைக்காரர் எனக்கு முதல் முறை சொன்னபோதே அது அவர் ஆயிரம் முறை சொன்ன கதை என்று தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். "நானும் அவரும் நேருக்கு நேரா. எம் மூஞ்சியப் பாத்து அவரு ஒரு பார்வ பாத்தாரு பாரு. சுத்தி நின்னவன்லாம் சிரிச்சிட்டான். எனக்குச் சிரிப்பு வர்ல. அவருக்கும் வர்ல. நாங்க ரெண்டு பேருந்தான் சிரிக்கல."

அந்தப் படத்தை டீக்கடைக்காரர் பார்த்ததில்லை. மெட்ராஸில் இரண்டு வாரம் ஓடியது; அப்போது முதலாளி லீவு கொடுக்கவில்லை. திருவள்ளூரில் நான்கே நாள் ஓடியது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம். இங்கிருந்து திருவள்ளூர் போக அவர் பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில் பெரியபாளையத்தில் பஸ் மாற நினைப்பவர்களை அம்மன்தான் காப்பாற்ற வேண்டும். அன்று அம்மனுக்கு வேறு வேலைகள் இருந்தன. மறுநாள் காலை திருவள்ளூர் போய்ச் சேர்ந்தபோது தியேட்டர்க்காரர்கள் புதுப் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வரவே இல்லை.

அதிலிருந்து டீக்கடைக்காரர் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை. பசும்பால் என்றால், "எந்தப் படத்துல?" என்பார் கிளார்க். நாளைக்கு மழை வரும் என்றால், "டைரக்டரு சொன்னாரா?" வீட்டில் மனைவியாவது நம்புகிறாரா என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது நம்பிக்கினுதான் கீது," என்றார். "ஆனா மறுக்காச் சொன்னா எயுந்து போயிடுது."

நான் நம்பினேனா என்றால், மன்றச் செயலாளர் என்ற முறையில் நம்பினேன்.

மன்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்கள் பதினொரு பேர். கதாநாயகர்களின் மன்றங்களுக்கு ஊருக்கு ஒரு கட்டடமும் இரண்டு கோஷ்டியும் இருக்கும். எங்களுக்கு டீக்கடை பெஞ்சு. அவர் ஒரு படத்தில் இரண்டு காட்சிகளில் வருவார். கதாநாயகன் தாராளமானவராக இருந்தால் மூன்று. தபால்காரர், கிளீனர், பெண் பார்க்க வருகிறவர்களோடு துணைக்கு வருகிறவர். படத்தில் மற்ற எல்லோரும் எதையாவது சாதித்துக்கொண்டிருக்கும்போது அவர் காத்துக்கொண்டிருப்பார். பஸ்ஸுக்கு, சம்பளத்துக்கு, பந்தியில் அடுத்த வரிசைக்கு. சிரிக்க மாட்டார். ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார், ஒருமுறை நம்மைப் பார்ப்பார். டிப்ளமா முடித்து வேலை கிடைக்காமல் ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்த காலத்தில் அந்தப் பார்வையைப் பார்க்க ஐந்து மைல் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறேன். எங்கள் வீட்டில் நான் காத்திருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. காத்திருப்பதிலும் ஒரு திறமை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் மறைந்த செய்தி டீக்கடை ரேடியோவில்தான் வந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் அந்த டீயை யாருக்கும் கொடுக்காமல் சாக்கடையில் ஊற்றினார்.

அன்று மாலையே பெஞ்சருகில் மன்றத்தின் சார்பில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடத்தினேன். அது சரியாக நடக்கவில்லை. நாற்பதாவது வினாடியில் எடைமேடை கிளார்க் கண்ணைத் திறந்து, "ஆரம்பாக்கம் பஸ்ஸு போவுது," என்றார். இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, அது இன்னும் நால்வருக்குப் பரவியது. கிளார்க்கும் மன்ற உறுப்பினர்தான், அதுவும் துணைத் தலைவர். மறுநாளே விதி எழுதினேன்: மௌன அஞ்சலியின்போது அனைவரும் எழுந்து நின்று, கண்களை மூடி, தலை குனிய வேண்டும். செயலாளர் கடிகாரம் பார்த்துச் சொல்லும் வரை கண்ணோ வாயோ திறக்கக் கூடாது. இதைக் கார்பன் வைத்துப் பதினொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். கிளார்க் தன் பிரதியை உரக்கப் படித்தார்.

இனி டெலிவிஷன். எடைமேடையிலிருந்து இறங்கி டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்ன அன்றிரவே நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். செக்போஸ்ட் டீக்கடைக் காட்சியை அவசியம் ஒளிபரப்ப வேண்டும் என்று ரசிகர்கள் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தோம். பதினொரு பேர் எப்படி நாற்பத்து மூன்று ஆனோம் என்பதை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பலருக்கும் என்னைப் போலவே 'ர' எழுத வந்தது.

கடைத்தெருவில் டெலிவிஷன் வைத்திருந்தவர் இரும்புக்கடை பாய் ஒருவர்தான். பழவேற்காட்டிலிருந்து வந்து கடை போட்டவர். மரக் கதவு வைத்த பெட்டி, பூட்டு உண்டு. விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன தம்பி, தூக்கி வெளிய வெச்சிடலாம்," என்றார். "ஆனா நம்ம பொட்டில மழதான் பெய்யும். நியூஸ் படிக்கிறவங்களே நனைஞ்சிக்கினுதான் படிக்கிறாங்க."

படத்தில் புள்ளி புள்ளியாக விழுவதை அப்படிச் சொன்னார். மெட்ராஸிலிருந்து முப்பது மைலுக்கு அப்பால் வேறென்ன விழும். அங்கேதான் என் படிப்பு உதவியது. ஃபோர்மேனிடம் கேட்டுக் கழிவு அலுமினியக் குழாய்களை வாங்கி ஆன்டெனாவுக்கு இன்னும் நான்கு குறுக்குக் கம்பிகள் சேர்த்தேன். இரண்டு சவுக்குக் கழிகளை ஒன்றோடு ஒன்று கட்டி உயரத்தைக் கூட்டினேன். நான்கு பக்கமும் கயிறு. வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகையில் விவசாய நிகழ்ச்சி ஓடியது. நெல்லுக்கு மருந்து அடிப்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, மருந்துகூடத் தெரிந்தது. பாய் மூன்று வருஷமாகத் தன்னிடம் இருந்த பெட்டியை முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே கடை முன்னால் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். இரண்டு டிரம்மின் மேல் பலகை, பலகையின் மேல் பெட்டி, பெட்டியின் மேல் அவர் படமும் மாலையும். மாலை திரையில் தொங்கக் கூடாது என்று நானே சுருக்கிக் கட்டினேன். எதையும் விட்டுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பாய் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இரவல் வாங்கி வைத்திருந்தார். கரண்ட் போனால்கூடப் படம் போகாது.

டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை.

"மெய்யாலுமே புதுச் சட்டையா!" என்றார் கிளார்க். "யோவ், நாங்க உன்னப் பாக்கப் போறோம். டிவி உன்னப் பாக்காது."

"இருக்கட்டும்," என்றார் டீக்கடைக்காரர்.

"பாய், முன்னால ஒரு சேர் போடு. ஸ்டாரு வந்துகீறாரு."

கிண்டலாகச் சொன்னாலும் பாய் நிஜமாகவே சேர் போட்டார். டீக்கடைக்காரர் நுனியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "வர்லன்னா இன்னா பண்றது நைனா?"

"வரும்," என்றேன். கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் பேசியவர், அவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்தது தான்தான் என்று சொன்னார். அடுத்து வந்தவரும் முதல் வாய்ப்பு கொடுத்தவர். மூன்றாமவர் கண் கலங்கினார். அவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்ததை நினைத்தபோது. நடுவே தபால்காரர் காட்சி வந்தது. கடைத்தெரு முழுவதும் சிரித்தது. பிறகு பந்தியில் இலை கிடைக்காத காட்சி. கிளார்க் தொடையில் அடித்துச் சிரித்தார், பிறகு துண்டால் கண்ணைத் துடைத்தார், சிரிப்பினால்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு மறுபடியும் பேச்சு. டீக்கடைக்காரர் எதற்கும் சிரிக்கவில்லை. கண் இமைத்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

மணி எட்டை நெருங்கியது. தலைமை தாங்கியவர் எழுந்து, இப்போது அனைவரும் இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார். மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் எந்திரிங்க!" என்று கத்தினேன். "கண்ண மூடுங்க! தலையக் குனிங்க! நான் சொல்ற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது!"

அறுபது பேரும் எழுந்தார்கள். பாய் எழுந்தார். ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர்கூட இறங்கி நின்று கண்ணை மூடினார். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் மணிக்கட்டைத் திருப்பி வினாடி முள்ளைப் பார்த்தேன். நாற்பதாவது வினாடியில் ஒரு கண்ணால் கிளார்க்கைக் கவனித்தேன். மூடித்தான் இருந்தார். இறுக்கமாக. மறுபடி முள்ளைப் பார்த்தேன். நூற்றிருபது வினாடி, ஓர் இருமல்கூட இல்லை. இப்படி ஓர் ஒழுங்கை இந்தக் கடைத்தெரு பார்த்ததில்லை என்று பெருமையாக இருந்தது.

"போதும்," என்றேன்.

எல்லோரும் கண்ணைத் திறந்தபோது திரையில் பூங்கொத்து, அதன் மேல் நன்றி என்ற எழுத்து. நிகழ்ச்சி முடிந்திருந்தது. அவ்வளவுதானா என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் டீக்கடைக்காரரின் பக்கம் திரும்பத் தைரியம் இல்லாமல் ஆன்டெனாக் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"வந்துச்சி," என்று பின்னால் குரல் கேட்டது.

"இன்னா வந்துச்சி?" என்றார் கிளார்க்.

"டீக்கட. இப்பத்தான். நீங்கள்லாம் கண்ண மூடிக்கினு நின்னீங்களே, அப்போ."

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்த மௌனம். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"யோவ், பன்னண்டு வருசமா படம் ஓட்டுன, பொறுத்துக்கினோம்," என்றார் கிளார்க். "இப்போ டிவியும் நீயே ஓட்றியா?"

"சத்தமே வரலியே?" என்றேன் நான்.

"சத்தம் இல்ல நைனா. படம் மட்டும் ஓடிச்சி. அங்கயும் மௌனந்தான."

இரண்டு நிமிடம் வெறும் மண்டபத்தை எந்த நிலையம் காட்டும்? படத்தைப் போட்டுச் சத்தத்தை நிறுத்தியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஏன்யா, ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் பாய்.

"எப்டி பாய் குடுக்கறது? வாயத் தொறக்கக் கூடாதுன்னு நைனா எயுதிக் குடுத்துதே. அவருக்கு அஞ்சலியாச்சே."

"கண்ண மட்டும் தொறந்து வெச்சிக்கினியா?"

"மூடலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள லாரி வந்திடுச்சி."

கிளார்க் விடவில்லை. "சரி, அத்த வுடு. மூஞ்சி எப்டி இருந்துச்சி? தலைக்கு எண்ண வெச்சி சீவிக்கினு இருந்தியா?"

டீக்கடைக்காரர் சட்டைக் கையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மூஞ்சி இல்ல," என்றார். "கைதான் தெரியுது. ரெண்டு கையும், டீ ஆத்தறது. அப்பால அவரு மொகம். மறுக்கா கை. மறுக்கா அவரு. என் மொகம் எங்கியும் இல்ல. அன்னிக்கி அவரு எம் மூஞ்சியப் பாத்தாருன்னு சொல்லிக்கினு இருந்தேன் இல்ல, அது மூஞ்சிய இல்ல. டீயத்தான் பாத்துக்கினு கீறாரு."

அன்று மாலையில் எழுந்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான். தபால்காரர் காட்சிக்குக்கூட அவ்வளவு இல்லை.

நான் சிரிக்கவில்லை. அந்த வினாடி வரை மன்றச் செயலாளர் என்ற முறையில் நம்பியவன், அப்போதுதான் நிஜமாக நம்பினேன். கதை கட்டுகிறவர் இத்தனை பேர் கண்ணை மூடியிருக்கும்போது தன் முகத்தைத் திரை முழுக்க வைத்துக்கொண்டிருப்பார். யார் மறுக்கப்போகிறார்கள்? பன்னிரண்டு வருஷமாகக் காப்பாற்றிவந்த முகத்தை இவர் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டார், வெறும் கையை மட்டும் வைத்துக்கொண்டு.

கிளார்க்கும் சிரித்தார். ஆனால் முதலில் நிறுத்தியவரும் அவர்தான். "எந்தக் கைல கிளாஸு?" என்றார்.

"பீச்சாங்கைல."

"சுண்டு வெரலு?"

"நீட்டிக்கினுதான் இருந்துச்சி."

கிளார்க் அந்த விரலைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கைக்குக் கீழே, கிளாஸ் எதுவும் இல்லாமலும் அது தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் இரண்டு வேளை பார்த்த விரலை அவர் நிறைய நேரம் பார்த்தார்.

"ஒரு நாளும் கண்ண மூடினவன் இல்லய்யா நானு," என்றார். "கோயில்ல கூட மூட மாட்டேன். இன்னிக்கிப் பாத்து ஒயுங்கா மூடிக்கினேன்." பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் உன் சட்டம்."

எனக்கும் அது தெரியும். அங்கே கண் திறந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் திரையைப் பார்த்தார், அடுத்தவனான நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தால் சாட்சி சொல்ல இரண்டு பேர் இருந்திருப்போம். கை மட்டும் போதும். அந்த விரலுக்கு முகம் எதற்கு?

நிலையத்துக்கு மறுபடி எழுதினேன், இந்த முறை என் கையெழுத்து மட்டும். மறு ஒளிபரப்பு செய்ய இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்தது தோன்றியது. அவர்கள் காட்டினார்கள் என்றால் அவர்களுக்கு யாரோ கொடுத்திருக்க வேண்டும். படம் எங்கோ ஒரு தகரப் பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறது. டென்ட் கொட்டகைக்காரரிடம் பேசினேன். பெட்டியைக் கொண்டுவந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சி ஓட்டித் தருகிறேன் என்றார்; அவருக்குப் படத்தின் மேல் நம்பிக்கை இல்லை, காலையில் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது.

மெட்ராஸில் விநியோகக் கம்பெனிகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று விசாரித்து வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனிக்கு வியாழக்கிழமை கரண்ட் கிடையாது, அதனால் விடுமுறை. டீக்கடைக்காரரை வரச் சொன்னேன். கடையை யார் பார்ப்பது என்றார். இந்த முறை கடைசி நாள் என்று ஒன்றும் இல்லை, ஒரு நாள் சாத்திவிட்டு வாருங்கள் என்றேன்; சரி என்றார். நேற்று எடைமேடையைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"எத்தினி மணிக்கு வண்டி?"

"ஆறே முக்கால் பாசஞ்சர்," என்றேன்.

"நானும் வரேன். நாஷ்டா நான் கட்டிக்கினு வந்துட்றேன்," என்றார் கிளார்க். "அவன் ஒருத்தன உள்ள வுட்டா, நான்தான் அந்தக் கைன்னு சொல்லுவான். யாரு நம்புவா? கூட ஒரு ஆளு வேணும்ல."

நாளை வியாழக்கிழமை. தெருவின் முதல் கம்பெனியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லாப் படிகளிலும் ஏறுவதாகத் திட்டம். பெட்டி கிடைத்தால் எங்கே போட்டுக் காட்டினாலும் மூன்று பேரும் முன்வரிசையில் உட்காருவோம். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.